இல்லை என்று சொல்லும் மின்தடை

ஒரு கணினிக்குள் டிவிடி டிரைவ் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மதர்போர்டுக்கு ஒரே வழிதான் உண்டு: கேட்டுப் பார்ப்பது. சுவிட்சைப் போட்டதும் மதர்போர்டின் தொடக்க நிரலான பயாஸ் ஒவ்வொரு கேபிள் வழியாகவும் ஒரு விசாரிப்பை அனுப்புகிறது. மறுமுனையில் ஏதாவது இருந்தால் அது தன் பெயரையும் வகையையும் சொல்ல வேண்டும். சொன்னால் டிரைவ் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. கழற்றிப் பரணில் போட்ட டிரைவும், பெட்டிக்குள்ளேயே இருந்து சர்க்யூட் எரிந்துபோன டிரைவும், எந்தக் குறையும் இல்லாமல் கேபிள் மட்டும் கொஞ்சம் நழுவிய டிரைவும் இந்தக் கணக்கில் ஒன்றே. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய கணினியில் ‘மை கம்ப்யூட்டர்’ திறக்கும்போது ஹார்ட் டிஸ்க்கின் பிரிவுகள் மட்டும் வரிசையாக நின்று, வட்டுப் படம் போட்ட சின்னம் மறைந்திருந்தால், எரிந்ததா நழுவியதா என்பதற்குத் திரையில் தடயமே கிடையாது. பெரும்பாலும் பிழைச் செய்திகூட வராது. தேடிக் கிடைக்காத ஒன்றுக்குத்தான் பிழைச் செய்தி உண்டு. இருந்ததே தெரியாத ஒன்றுக்கு எதற்குச் செய்தி? மற்றப் பழுதுகளில் இயந்திரம் முனகுகிறது, பாதியில் நிற்கிறது, நீலத் திரை காட்டுகிறது. இதில் மட்டும் எல்லாம் சரியாக இருப்பது போலவே நடந்துகொள்கிறது. இந்தப் பழுதைத் தேடுபவரை உறுத்துவது அந்த நடத்தைதான்.

அதே நேரத்தில், டிரைவின் முகப்புப் பொத்தானை அழுத்தினால் டிரே வெளியே வருகிறது. வட்டை வைத்து உள்ளே தள்ளினால் விளக்கு மினுக்குகிறது, மோட்டார் வேகமெடுக்கும் இரைச்சல் கேட்கிறது. ‘டிரே தொறக்குது, லைட் எரியுது, அப்புறம் ஏன் காட்ட மாட்டேங்குது?’ என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் டிரே திறப்பதற்கும் கணினிக்கும் சம்பந்தமில்லை. டிவிடி டிரைவ் தனக்கென ஒரு செயலியும் நினைவகமும் ஃபர்ம்வேரும் கொண்ட தனி இயந்திரம். மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் நான்கு கம்பி இணைப்பு அதற்குப் போதும்: சிவப்பில் 5 வோல்ட், மஞ்சளில் 12 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. டேட்டா கேபிளே இல்லாமல் மேசைமேல் வைத்து மின்சாரம் கொடுத்தாலும் அது வட்டை வாங்கும், லென்ஸை மேலும் கீழும் அசைத்து வட்டின் பரப்பைத் தேடும், உள்வளையத்தில் பதிந்திருக்கும் பொருளடக்கத்தை வாசித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஆகவே டிரே திறப்பது மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி, அதுவும் அரைகுறைச் சாட்சி. ஏடிஎக்ஸ் வரையறை ஐந்து சதவீத ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. 12 வோல்ட் என்றால் 11.4 முதல் 12.6 வரை. கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோன பழைய எஸ்எம்பிஎஸ், சும்மா இருக்கும்போது மீட்டரில் 12 காட்டிவிட்டு, மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும் முதல் சில விநாடிகளில் சரியும். பயாஸ் விசாரிப்பதும் ஏறக்குறைய அதே விநாடிகளில்தான். 2000களின் தொடக்க வருடங்களில் தயாரான மதர்போர்டுகள் பலவற்றில் கெப்பாசிட்டர்கள் தலை உப்பிக் கசிந்தது தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. பெட்டியைத் திறந்ததும் அவர்கள் கண் முதலில் அங்கேதான் போகும். டிரேயின் சாட்சிக்கு மறுதலையும் உண்டு. டிரே திறக்காத டிரைவ் கணினிக்கு நன்றாகவே தெரியலாம். உள்ளே டிரேயை இழுக்கும் ரப்பர் வளையம் வருடங்களில் இறுகி வழுக்கும், அவ்வளவுதான். முகப்பிலுள்ள ஊசித்துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பைச் செருகி வட்டை எடுத்துவிடலாம்.

மின்சாரத்துக்கு அடுத்தது கேபிள். சாட்டா என்ற மெல்லிய கேபிள் வருவதற்கு முன்பும், வந்த பிறகு சில வருடங்களும் டிரைவுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே ஓடியது ஐடிஇ என்ற அகன்ற பட்டைக் கேபிள். இணைப்பியில் 40 பின்கள். பிற்காலக் கேபிளில் கம்பிகள் மட்டும் 80, கூடுதலான 40 கம்பிகளும் பக்கத்துக் கம்பியின் குறுக்கீட்டைத் தடுக்கும் கிரவுண்டு. நீளம் 46 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவிலுள்ள சாம்பல் நிறம் ஸ்லேவுக்கு. ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு முதல் பின்னைக் குறிக்கிறது. பெரும்பாலான டிரைவ்களில் அது மின்சார இணைப்பின் பக்கமாக இருக்கும். இருபதாவது துளையை அடைத்து, மேலே ஒரு மேடு வைத்து, தலைகீழாக மாட்ட முடியாதபடி செய்தது பிறகுதான். இந்தக் காப்பு இல்லாத பழைய கேபிளைத் தலைகீழாகச் செருகினால் முதல் பின் போய் நாற்பதாவதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். முதல் பின் ரீசெட், நாற்பதாவது கிரவுண்டு. ரீசெட் கம்பி கிரவுண்டைத் தொட்டிருக்கும்வரை டிரைவ் ரீசெட் நிலையிலேயே நிற்கும், விழிக்கவே விழிக்காது. கேபிளைச் சரியாகத் திருப்பிச் செருகினால் பெரும்பாலும் பாதிப்பு எதுவும் இல்லாமல் எழுந்துவிடும்.

ஒரே ஐடிஇ கேபிளில் இரண்டு கருவிகள் தொங்கலாம். எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்பதை டிரைவின் பின்புறம் ஒரு சிறிய ஜம்பர் தீர்மானிக்கும். ‘கேபிள் செலக்ட்’ என்று வைத்தால் கேபிளில் உட்கார்ந்திருக்கும் இடம் தீர்மானிக்கும். ஹார்ட் டிஸ்க் மாற்றியபோது யாரோ ஜம்பரை மறந்திருந்தால் இரண்டும் மாஸ்டராகிவிடும். ஒரு கேள்விக்கு இரண்டு பதில் ஒன்றாக எழும், அல்லது ஒன்று மற்றதை மூழ்கடிக்கும். இந்த ஏற்பாட்டின் நெறி பொறுமையானது: மாஸ்டர் தன் துணைக் கருவி தயாராகிச் சொல்வதற்காக 31 விநாடி வரை காத்திருக்கலாம் என்று ஐடிஇக்கான ஏடிஏ தரநிலை அனுமதிக்கிறது. இதைவிட வியப்பான ஓர் ஏற்பாடும் அதே தரநிலையில் இருக்கிறது. கேபிளில் எதுவுமே மாட்டாதபோது அதன் கம்பிகளில் என்ன இருக்கும்? பூஜ்யம் என்றே தோன்றும். ஆனால் எங்கும் இணையாத கம்பி மிதக்கும். வாசித்தால் பெரும்பாலும் எல்லாக் கம்பியிலும் ஒன்று என்றே வரும். கருவியின் நிலையைச் சொல்லும் பதிவேட்டின் ஏழாவது பிட் ஒன்றாக இருந்தால், கருவி வேலையாக இருக்கிறது, பொறுக்க வேண்டும் என்று பொருள். ஆக, வெறும் கேபிள் பயாஸின் கண்ணுக்கு ஓயாமல் உழைக்கும் கருவியாகத் தெரியும். அதற்காகப் பயாஸ் காத்துக்கொண்டே இருக்கும். இதைத் தவிர்க்க, ஏழாவது தரவுக் கம்பியை மதர்போர்டு பக்கத்தில் 10,000 ஓம் மின்தடை ஒன்றின் வழியாக கிரவுண்டோடு இணைக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். எவரும் இல்லாதபோது அந்த மின்தடை பிட்டைப் பூஜ்யத்துக்கு இழுத்து வைக்கிறது. பயாஸ் காத்திராமல் அடுத்த கேபிளுக்குப் போகிறது. இல்லாமை தானாகத் தெரிவதில்லை, அதைத் தெரிவிக்கவும் ஓர் உதிரிபாகத்தைச் சாலிடர் செய்து வைக்க வேண்டியிருக்கிறது. இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு குறிப்பும் கிடைக்கிறது. லோகோ தெரியும் இடத்தில் கணினி அரை நிமிடம் திணறி நின்றால் எரிச்சல் வரும். உண்மையில் அது நல்ல அறிகுறி. மறுமுனையில் ஏதோ ஒன்று கம்பியைப் பிடித்து வைத்திருக்கிறது. திணறலே இல்லாமல் விண்டோஸுக்குள் வழுக்கிச் சென்றால், விசாரிப்பு யாரையும் எட்டவில்லை என்று கொள்ளலாம்.

இரண்டுக்கும் நடுவே அபூர்வமாக மூன்றாவது ஒன்று நடக்கும்: பதில் வரும், ஆனால் கோணலாக வரும். பயாஸ் திரையில் டிரைவின் பெயர் ஒன்றுவிட்டு ஓர் எழுத்து பிசகித் தெரியும். பெயர் பதினாறு தரவுக் கம்பிகள் வழியாக ஒரு நேரத்தில் இரண்டு எழுத்துகளாக வருகிறது. ஒரு பின் வளைந்து அந்தக் கம்பி எப்போதும் பூஜ்யமாகவே நின்றுவிட்டால், எழுத்து இணைகளில் ஒன்று மட்டும் மாறும். ஆங்கில ‘ஆர்’ எழுத்தின் எண்ணில் ஒரு பிட் விழுந்தால் அது ‘பி’ ஆகிறது. ஆகவே ‘டிவிடி ரைட்டர்’ என்று படிக்க வேண்டிய இடத்தில் எந்த மொழியிலும் இல்லாத சொல் ஒன்று நிற்கும். இதைப் பார்த்தவர் டிரைவைக் குப்பையில் போடக்கூடாது. எந்த எழுத்து எதுவாக மாறியது என்று குறித்துக்கொண்டால் எந்தப் பின் என்பதையே சொல்லிவிடலாம். பழுதுபார்க்கும் வேலையில் இவ்வளவு வெளிப்படையாகத் தடயம் கொடுக்கும் கோளாறு வேறு உண்டா என்பது சந்தேகம்தான். சாட்டா டிரைவில் இந்த இன்பமெல்லாம் கிடையாது. தரவுக்கு ஏழு தொடுபுள்ளிகள், மின்சாரத்துக்குப் பதினைந்து, ஜம்பர் இல்லை, மாஸ்டர் இல்லை. மதர்போர்டு ‘காம்ரீசெட்’ என்ற துடிப்பை அனுப்பும், டிரைவ் ‘காமினிட்’ என்று திருப்பித் துடிக்கும், பிறகு பேச்சு தொடங்கும். வந்தால் முழுதாக, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. தொடக்கக் காலச் சாட்டா கேபிள்களில் கவ்விப் பிடிக்கும் கொக்கி கிடையாது. பெட்டியை நகர்த்தினாலே தளரும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டுத் தொடுபுள்ளிகள் மங்குவதும் உண்டு. கேபிளை ஒருமுறை கழற்றிச் செருகியதும் டிரைவ் திரும்ப வந்துவிடுவது பெரும்பாலும் இதனால்தான். மாயம் எதுவும் நடக்கவில்லை. உரசலில் உலோகம் சுத்தமானது.

கேபிளும் மின்சாரமும் சரி என்றால் அடுத்து பயாஸ். இங்கே பழைய கணினிகளுக்கே உரிய குற்றவாளி, மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல் படுத்திருக்கும் சிஆர்2032 செல். 3 வோல்ட் தரும் அது தீர்ந்தால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். கடிகாரம் பழைய வருடம் ஒன்றைக் காட்டுவது அதன் வெளிப்படையான அடையாளம். யாரோ எப்போதோ இயக்கிவைத்த இரண்டாவது ஐடிஇ சேனல், அல்லது கூடுதல் கன்ட்ரோலர், அந்த மறதியில் அணைந்துபோகலாம். கூடுதல் கன்ட்ரோலர் என்பது சின்ன விஷயமில்லை. 2006ல் இன்டெல் தன் ஐசிஎச்8 சிப்செட்டிலிருந்து ஐடிஇ வசதியை எடுத்துவிட்டது. மக்கள் கையில் ஐடிஇ டிவிடி டிரைவ்கள் இன்னும் இருந்ததால் மதர்போர்டு தயாரிப்பாளர்கள் ஜேமைக்ரான் போன்ற வேறு நிறுவனங்களின் சிப் ஒன்றைப் பக்கத்தில் ஒட்டி ஒற்றை ஐடிஇ இணைப்பைக் கொடுத்தார்கள். அந்தச் சிப்புக்குத் தனி டிரைவர் வேண்டும். எனவே பயாஸில் தெரிந்து, வட்டிலிருந்து பூட் ஆகி, விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவத் தொடங்கிய பிறகு அதே டிரைவ் காணாமல் போகும். வட்டிலிருந்து நிறுவுகிறது, வட்டைக் காணவில்லை என்கிறது. அப்போது கணினியைத் திட்டியவர்களுக்கு இது ஒரு நிறுவனத்தின் வணிக முடிவு இன்னொரு நிறுவனத்தின் சிப் வழியாக வந்து சேர்ந்தது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பயாஸில் பெயர் சரியாகத் தெரிந்து விண்டோஸில் மட்டும் தெரியாவிட்டால் கேபிளைத் தொட வேண்டாம். பெட்டியை மூடிவிடலாம், கோளாறு மென்பொருளில் இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் ஆச்சரியக்குறியும், உள்ளே 19, 31, 39, 41 என்ற எண்களில் ஒன்றும் இருக்கும். முதலில் செய்ய வேண்டியது, அந்த உருப்படியை அங்கேயே அன்இன்ஸ்டால் செய்து மறுபடி பூட் செய்வது. பல நேரம் அதுவே போதும். போதாதபோது பார்க்க வேண்டியது ரெஜிஸ்ட்ரியில் சிடி டிரைவ் வகுப்புக்குக் கீழே உள்ள ‘அப்பர்ஃபில்டர்ஸ்’, ‘லோயர்ஃபில்டர்ஸ்’ என்ற இரண்டு மதிப்புகள். வட்டு எழுதும் மென்பொருள்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், ஒவ்வொன்றும் விண்டோஸுக்கும் டிரைவுக்கும் நடுவே தன் வடிகட்டி டிரைவர் ஒன்றை நிறுத்தி, அதன் பெயரை இங்கே எழுதிவைத்தது. மென்பொருளை நீக்கும்போது கோப்பு போகும், பெயர் சில நேரம் தங்கிவிடும். அடுத்த முறை விண்டோஸ் அந்தப் பெயரைப் படித்து, ஆளைத் தேடி, காணாமல், டிரைவையே இயக்க மறுக்கும். பயாஸில் இருந்த கோளாறு, இருப்பவரின் பதில் கேட்காததால் இல்லையென்று கொண்டது. இங்கே இருப்பவரின் பதில் தெளிவாகக் கேட்கிறது. எப்போதோ போய்விட்ட வேறொருவரின் அனுமதிக்காக அவர் வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார். அந்த இரண்டு மதிப்புகளையும் அழித்து மறுபடி பூட் செய்தால் டிரைவ் திரும்பும். ஆனால் எந்த வகுப்பில் அழிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். விசைப்பலகை வகுப்பிலும் அப்பர்ஃபில்டர்ஸ் உண்டு, அதில் விண்டோஸின் சொந்த டிரைவரே இருக்கிறது. அழித்தால் விசைப்பலகை செத்துவிடும். சேமிப்பகப் பிரிவுகளுக்கான வகுப்பில் அழித்தால் விண்டோஸே எழாது. அழிப்பதற்கு முன் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து வைப்பது கட்டாயம். விண்டோஸ் 7 முதல் 10 வரை வேறொரு மருந்தும் உண்டு: ரெஜிஸ்ட்ரியில் அடாபி சேவையின் கீழ் ‘கன்ட்ரோலர்0’ என்று ஒரு பிரிவை உருவாக்கி, அதில் ‘எனும்டிவைஸ்1’ என்ற மதிப்பை 1 என்று வைப்பது.

கடைகளில் பொதுவாக இந்த வரிசை கடைப்பிடிக்கப்படுவதில்லை. ‘ஓஎஸ் போட்டா சரியாயிடும்’ என்பது முதல் தீர்ப்பு, ‘போர்டு போயிடுச்சு’ என்பது இரண்டாவது. முதல் தீர்ப்பு சில நேரம் பலிக்கிறது, ஏனென்றால் புது விண்டோஸில் பழைய வடிகட்டிப் பெயர்கள் இருக்காது. ரெஜிஸ்ட்ரியில் இரண்டு வரி அழிப்பதற்குப் பதில் வீட்டையே இடித்துக் கட்டிய வேலை அது, படங்களும் கடிதங்களும் போன பிறகு தெரியவரும். கடைக்காரரைக் குறை சொல்வதும் முழுக்கச் சரியில்லை. டிவிடி ரைட்டர் விலை மலிந்த பிறகு, ஒரு பின்னைத் தேடி அரை மணி நேரம் உட்கார்வதைவிட வேறொன்றை மாட்டுவது யாருக்கும் லாபம். உண்மையில் மாற்றிப் பார்ப்பதே சிறந்த சோதனையும்கூட: சந்தேக டிரைவை நம்பகமான கணினியில், நம்பகமான டிரைவைச் சந்தேகக் கணினியில். இரண்டு விடைகளும் சேர்ந்தால் குற்றம் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும். விண்டோஸா வன்பொருளா என்று பிரிக்க, பென் டிரைவில் ஒரு லைவ் லினக்ஸை வைத்து பூட் செய்து, கெர்னல் பதிவில் டிரைவின் பெயர் வருகிறதா என்று பார்ப்பது இன்னும் சுத்தமான வழி. மிகப் பழைய பயாஸ்கள் யுஎஸ்பியிலிருந்து பூட் ஆகாது, சிடியிலிருந்து மட்டும் ஆகும். அப்படிப்பட்ட கணினியில் சிடி டிரைவைச் சோதிக்க வேலை செய்யும் சிடி டிரைவ் வேண்டும்.

டிரைவ் தெரிந்த பிறகும் வட்டு தெரியாமல் போகலாம். அது வேறு நோய், வேறு இடம். சிடியை 780 நானோமீட்டர் லேசரும் டிவிடியை 650 நானோமீட்டர் லேசரும் படிக்கின்றன. ஒரே தலையில் இரண்டு டயோடுகள் இருப்பதால் ஒன்று மட்டும் மங்கலாம். டிவிடி ஓடி சிடி ஓடாவிட்டால் காரணம் பெரும்பாலும் அதுவே. லென்ஸில் படிந்த தூசியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுப்பது நல்லது. தலையோடு சேர்ந்த சின்னத் திருகியைத் திருகி லேசருக்குக் கூடுதல் மின்சாரம் கொடுக்கும் பழைய வித்தை சில நாள் பலிக்கும், பிறகு டயோடு சீக்கிரமே அடங்கும். ஒரே ஒரு வட்டைப் படித்து முடித்தால் போதும் என்ற நிலையில் மட்டும் அதைச் செய்யலாம்.

பெரும்பாலும் நிலை அதுதான். 2020களில் ஒரு பழைய டிரைவை உயிர்ப்பிக்க யாரும் மெனக்கெடுவது டிரைவுக்காக இருக்காது, அலமாரியில் இருக்கும் கல்யாண விசிடிக்காக, அப்பா தட்டச்சு செய்து வைத்த கோப்புகளுக்காக. யுஎஸ்பியில் மாட்டும் வெளிப்புற டிரைவ் வாங்கினால் மேலே சொன்ன அத்தனையும் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் சிதைந்த வட்டுகளை ஒரு டிரைவ் படிப்பதும் இன்னொன்று மறுப்பதும் வழக்கம், அதனால் பழையதும் கையில் இருப்பது உதவும். படிக்க முடிந்ததை எடுத்து, முடியாத இடங்களைக் குறித்துவைத்துக்கொள்ளும் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ போன்ற கருவியில், முதல் டிரைவ் விட்ட இடங்களை இரண்டாவது டிரைவ் அதே குறிப்பைக் கொண்டு நிரப்பலாம். தரவு சிடியில் ஒவ்வொரு பகுதியும் 2352 பைட். அதில் 2048 மட்டும் கோப்பு, மிச்சத்தின் பெரும்பகுதி பிழை திருத்தத்துக்கு. விசிடியின் படத்தடத்தில் அந்தக் கூடுதல் திருத்தம் கிடையாது. இடத்தை மிச்சப்படுத்தப் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அதனால் கீறல் விழுந்த கல்யாண விசிடி தாலி கட்டும் நேரத்தில் கட்டம் கட்டமாகச் சிதறும், அதே அளவு கீறல் விழுந்த கோப்பு வட்டு முழுதாக வந்துவிடும். விசிடியை 2048 பைட் கணக்கில் பிரதியெடுக்கவும் முடியாது. முழுப் பகுதியையும் அப்படியே படிக்கும் முறையில்தான் எடுக்க வேண்டும்.

தமிழ்க் கோப்புகளுக்கு இன்னொரு படி மீதமிருக்கிறது. வட்டு படிக்கப்பட்டு, கோப்பு திறந்து, திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை நிற்கும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக் குறியாக்கங்களில் எழுதியது அது. 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டை ஏற்றது. இணையத்தில் டிஸ்கி வழங்கியது. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பாமினி பரவியிருந்தது. அச்சகங்களில் வேறு பல. 2010ல் அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் ஏற்ற பிறகும் முந்தைய வட்டுகள் அப்படியே இருக்கின்றன. எது எந்தக் குறியாக்கம் என்று கோப்பு தானாகச் சொல்லாது. ஒவ்வொரு மாற்று அட்டவணையையும் போட்டு, எதில் படிக்கக்கூடிய சொற்கள் வருகின்றன என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் வட்டின் வேர் அடைவில் எழுத்துரு அடைவு ஒன்று இருக்கிறதா என்று தேடுவது வேலையைக் குறைக்கும். எதிர்முனையில் இருப்பவரிடம் அந்த எழுத்துரு இருக்காது என்று தெரிந்த அக்காலத்தவர்கள், கோப்போடு எழுத்துருவையும் சேர்த்தே வட்டில் எழுதி அனுப்பும் பழக்கம் வைத்திருந்தார்கள்.